ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்குவது: எந்த வரிசையில் முடிவெடுப்பது, எப்படி மாட்டுவது, எப்படி ஜீரோ செய்வது

ஸ்கோப், அதாவது குறிவைக்கத் துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கி, வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "எத்தனை பவர் வாங்கலாம்?" என்று, அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும் என்று. வரிசைப்படி பார்த்தால் அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டியது. எதற்காகச் சுடுகிறீர்கள், துப்பாக்கி எந்த வகை, எவ்வளவு தூரம், மேலே மாட்ட என்ன தடம் இருக்கிறது என்ற நாலும் முடிவானால் கடையில் இருப்பதில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும், அதன் பிறகு பவரைப் பற்றி யோசிக்க அதிகம் மிஞ்சாது.

இங்கே 0.177 அங்குல, அதாவது 4.5 மி.மீ., ஏர் ரைஃபிளை வைத்துச் சொல்கிறேன், நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. இலக்கு என்று நான் சொல்வது தாளும் இரும்புத் தகடும் மட்டும். பறவை, முயல் என்று யோசிப்பவர்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டு வரட்டும்.

1. முதலில், ஸ்கோப் தேவையா என்று பாருங்கள்

பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்த்த கையோடு ஸ்கோப் வாங்கிவிடும் பெற்றோர் நிறையப் பேர். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. அங்கே பீப் சைட்தான், அதாவது பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், நடுவில் பெருக்கும் கண்ணாடி எதுவும் இல்லை. நம் நாட்டில் தொடக்க நிலையில் நடக்கும் ஓபன் சைட் பிரிவின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஓடும் இலக்குப் பிரிவில் மட்டும் ஸ்கோப் உண்டு, அதிலும் 10 மீட்டரில் 4 பவருக்கு மேல் கூடாது.

ஆகவே போட்டிதான் குறி என்றால் பயிற்சியாளரிடம் எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். சொந்தத் தோட்டத்திலோ தனியார் ரேஞ்சிலோ பொழுதுபோக்காகத் துல்லியமாகச் சுட வேண்டும் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

2. ஸ்பிரிங் கன்னா, பிசிபியா

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கிய ஸ்கோப்புகள்தான் அதிகம் உடைகின்றன. "பெரிய ரைஃபிளுக்குப் போடுகிற ஸ்கோப், இந்த ஏர் கன்னுக்குத் தாங்காதா?" என்று கேட்பார்கள். தாங்காமல் போகலாம். காரணம் உதையின் அளவு இல்லை, அதன் திசை.

வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் கன்னில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வருகிறது, பிஸ்டன் சிலிண்டரின் முனையில் நிற்கும்போது அதே துப்பாக்கி சட்டென்று முன்னே போகிறது. கண் இமைப்பதற்குள் இரண்டு எதிரெதிர் அதிர்ச்சி. ஒரு பக்க உதையை மட்டும் எண்ணி உள்ளே கண்ணாடிகளைப் பொருத்திய ஸ்கோப்பில், கொஞ்ச நாளில் ரெட்டிகிள், அதாவது உள்ளே தெரியும் குறுக்குக் கோடு, சாயும், இல்லையென்றால் ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு, நிற்காது. பெட்டியிலோ விவரக் குறிப்பிலோ "ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏற்றது" என்று தெளிவாக இருக்க வேண்டும். விற்பவர் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், உத்தரவாதத்தில் அது அடங்குமா என்று கேளுங்கள்.

பிசிபி என்றால் இந்தக் கவலை இல்லை. காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்த துப்பாக்கி அது, உதை இருப்பதே தெரியாது, அதனால் எந்த ஸ்கோப்பையும் தாங்கும். மிஞ்சுவது தூரப் பிரச்சினை மட்டும்.

3. தூரமும் பேரலாக்ஸும்

கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் ரெட்டிகிள் இலக்கின் மேல் நகர்வது போலத் தெரிந்தால் அதுதான் பேரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் ரெட்டிகிளும் ஒரே தளத்தில் விழவில்லை என்று பொருள். ஒவ்வொரு ஸ்கோப்பும் ஏதோ ஒரு தூரத்துக்குத்தான் சரியாக அமைக்கப்பட்டிருக்கும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளில் அது பெரும்பாலும் 100 கெஜம் அல்லது அதற்கு மேல், 0.22 ரிம்ஃபயர் ஸ்கோப்புகளில் 50 கெஜம் போல.

இது ஏர் ரைஃபிளில் எவ்வளவு படுத்தும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன் கண்ணாடியின் விட்டத்தில் பாதியை எடுத்து, இலக்கின் தூரத்துக்கும் ஸ்கோப் அமைந்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, ஸ்கோப் அமைந்த தூரத்தால் வகுங்கள். 40 மி.மீ. கண்ணாடி, 100 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப், இலக்கு 10 மீட்டர்: 20 பெருக்கல் 90 வகுத்தல் 100, அதாவது 18 மி.மீ. கன்னத்தை வைக்கும் இடம் மாறினாலே குறி அதிகபட்சம் இவ்வளவு தள்ளிப் போகலாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ. பொட்டு என்பதை நினைத்துப் பார்த்தால், "துப்பாக்கி சரியில்லை" என்று பழி போடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று புரியும்.

ஆகவே ஏர் ரைஃபிளுக்குப் பேரலாக்ஸ் திருத்தும் வசதி கட்டாயம், அதுவும் 10 கெஜம் வரை, அதாவது 9 மீட்டர் போல, இறங்கி வர வேண்டும். இரண்டு வகை உண்டு. முன் கண்ணாடியைச் சுற்றி வளையம் இருப்பது ஏஓ. இடப்பக்கம் குமிழ் இருப்பது சைட் ஃபோகஸ். ஏஓ மலிவு, சைட் ஃபோகஸில் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே திருப்பலாம். ஒரே தூரத்தில் சுடுபவருக்கு ஏஓ போதும், மிச்சமாகும் பணத்தை மவுண்டில், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் பாகத்தில், போடுங்கள்.

இன்னொன்று. குமிழில் எழுதியிருக்கும் எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். இலக்கு தெளிவாகத் தெரியும்வரை திருப்பி, தலையை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, ரெட்டிகிள் நகராமல் நிற்கும் இடத்தில் விடுங்கள். எண் 12 என்று காட்டினாலும் 18 என்று காட்டினாலும் கவலை வேண்டாம்.

4. மவுண்ட்: ஸ்கோப்புக்கு முன்னால் அளக்க வேண்டியது

துப்பாக்கியின் மேல் இருக்கும் தடத்தைப் பாருங்கள். இரண்டு நீள வெட்டு மட்டும் இருந்தால் டவ்டெயில், குறுக்கே பல் பல்லாக வெட்டியிருந்தால் வீவர் அல்லது பிக்காட்டினி. டவ்டெயிலை 11 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அளந்துகொள்ளுங்கள். வீவருக்குச் செய்த மவுண்ட் பிக்காட்டினியில் பெரும்பாலும் உட்காரும். பிக்காட்டினி மவுண்டின் குறுக்குக் கட்டை தடிமன் என்பதால் வீவர் வெட்டில் இறங்காமல் போகலாம்.

அடுத்தது ஸ்கோப் குழாயின் விட்டம்: ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ., இல்லையென்றால் 30 மி.மீ. குழாயைச் சுற்றிப் பிடிக்கும் மவுண்டின் ரிங் அதே அளவில் இருக்க வேண்டும். 30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது சரியில்லை. குழாய் பெரிதானால் உள்ளே திருத்துவதற்கு இடம் கூடும், அவ்வளவுதான்.

உயரம், முன் கண்ணாடி பேரலைத் தொடாத அளவுக்குத் தாழ்வாக. உயரமான மவுண்ட் போட்டால் கன்னம் கட்டையில் உட்காராமல் தாடையை வைத்துச் சுட வேண்டி வரும், தினமும் தலை வேறு வேறு இடத்தில் நிற்கும்.

ஸ்பிரிங் கன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கூடுதல் விஷயம். தனித்தனி ரிங்குகளை விட ஒரே துண்டாக வரும் மவுண்ட் நல்லது, அதில் ஸ்டாப் பின் இருக்க வேண்டும். துப்பாக்கியின் மேல் இருக்கும் சிறு குழியில் அந்தப் பின் இறங்கி உட்காராவிட்டால், முன்னே சொன்ன இரட்டை உதையில் மவுண்ட் மெல்ல மெல்ல ஊர்ந்துவிடும். இரண்டாவது, பேரலை மடித்து லோட் செய்யும் துப்பாக்கிகள் பலவற்றில் பேரல் லேசாகக் கீழ்நோக்கி இருக்கும். அதைச் சரிக்கட்ட எலிவேஷனை, அதாவது குறியை மேலே கீழே நகர்த்தும் திருகை, மேலே மேலே திருகி எல்லைக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு இழுவை குறைந்து ஜீரோ அலையும். அந்தச் சரிவைத் தானே ஈடுகட்டும் மவுண்ட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

5. இப்போது பவர்

3-9×40 என்றால் 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கும், முன் கண்ணாடி 40 மி.மீ. விட்டம். இவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள், தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பவர் கூடக் கூட மூன்று விஷயம் கெடும். பார்வைப் பரப்பு சுருங்கும், இலக்கைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பீர்கள். மூன்றாவது வெளிச்சம். முன் கண்ணாடியின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக் கற்றையின் விட்டம் கிடைக்கும்: 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ., 16-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ. பகலில் கண்ணின் பாவை தோராயமாக 2 முதல் 4 மி.மீ. திறந்திருக்கும், அந்தி நேரத்தில் இன்னும் விரியும். கற்றை சிறியதானால் படம் மங்கும், கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதும் கஷ்டம், மயிரிழை நகர்ந்தால் ஓரம் கறுத்துவிடும்.

10 முதல் 50 மீட்டருக்கு 3-9 அல்லது 4-12 தாராளம். தூரம் சொல்லாமல் வைத்த தகடுகளைச் சுடும் ஃபீல்ட் டார்கெட் ஆட்டக்காரர்கள் 30, 40 பவர் வைத்திருக்கிறார்களே என்றால், அவர்கள் அந்தப் பவரில் பேரலாக்ஸ் சக்கரத்தைத் திருப்பித் தூரத்தையே அளக்கிறார்கள், அது வேறு வேலை. விலை ஒன்றாக இருக்கும் இரண்டில், 6-24 எழுதியதை விட 3-9 எழுதியதில் கண்ணாடி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே காசுக்கு அதிகப் பவர் தருகிறார்கள் என்றால் எங்கேயோ குறைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் கண்ணாடியில்.

சிவப்பு, பச்சை விளக்கு எரியும் ரெட்டிகிள் பகலில் தாளைச் சுடுபவருக்கு எதற்கும் உதவாது. விலையை ஏற்ற ஒரு சாக்கு.

6. ரெட்டிகிளும் கிளிக்கும்

டர்ரெட்டை, அதாவது குறியைத் திருத்தும் குமிழை, ஒரு கிளிக் திருப்பினால் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) படும் இடம் எவ்வளவு நகரும் என்பதற்கு இரண்டு அளவுமுறை. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் 2.9 செ.மீ. மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ அல்லது 0.1 மில்.

| தூரம் | கால் எம்ஓஏ கிளிக் | 0.1 மில் கிளிக் |
|---|---|---|
| 10 மீ. | 0.7 மி.மீ. | 1 மி.மீ. |
| 25 மீ. | 1.8 மி.மீ. | 2.5 மி.மீ. |
| 50 மீ. | 3.6 மி.மீ. | 5 மி.மீ. |

மீட்டரில் பழகிய நமக்கு மில் கணக்கு எளிது. எதை எடுத்தாலும் ரெட்டிகிளும் டர்ரெட்டும் ஒரே அளவுமுறையில் இருக்கட்டும். ரெட்டிகிளில் மில் கோடு, டர்ரெட்டில் எம்ஓஏ என்று கலந்து விற்கும் ஸ்கோப்புகள் உண்டு, களத்தில் நின்று அந்த மாற்றுக் கணக்கைப் போட யாருக்கும் பொறுமை இருக்காது.

அப்புறம் ரெட்டிகிள் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் குவியத் தளம் என்றால் ஜூம் செய்தாலும் கோடு அதே தடிமனில் தெரியும், ஆனால் கோட்டின் இடைவெளி ஒரே ஒரு பவரில்தான் உண்மை, பெரும்பாலும் உச்சத்தில். 9 பவரில் 1 மில்லாக இருக்கும் இடைவெளி 4.5 பவரில் 2 மில் ஆகிவிடும். இது தெரியாமல் நடுப் பவரில் வைத்துக் கோட்டை எண்ணிச் சுட்டு, ஏன் மேலே போகிறது என்று குழம்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முதல் குவியத் தளத்தில் எல்லாப் பவரிலும் கணக்கு சரியாக வரும், ஆனால் குறைந்த பவரில் கோடு நூல் போல மெலிந்துவிடும், விலையும் கூடும். ஒரே பவரில் வைத்துச் சுடும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டாம் தளமே போதும்.

7. பணம் கொடுக்கும் முன்

கடைக்கு வெளியே தூரத்தில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பாருங்கள், உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து எதுவும் தெரியாது. வெள்ளை எழுத்தின் ஓரத்தில் ஊதா நிறம் வழிகிறதா, நடுவில் தெளிவாக இருந்து விளிம்பில் மங்குகிறதா என்று கவனியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் எக்காரணத்துக்கும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

டர்ரெட்டைத் திருப்பினால் ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனியாக விரலுக்குத் தெரிய வேண்டும். ஜூம் வளையம் முழுக்க ஒரே இறுக்கமாகச் சுழல வேண்டும். ஐ ரிலீஃப், அதாவது முழுப் படமும் தெரியக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளி, 8 முதல் 10 செ.மீ. இருந்தால் நல்லது. கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொண்டே பாருங்கள்.

8. மாட்டும் வரிசை

துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வரிசை மாறினால் ஒரு வேலையைச் செய்து முடித்து அதையே கலைக்க வேண்டி வரும்.

டவ்டெயிலில் இருக்கும் எண்ணெயைத் துடையுங்கள், எண்ணெய் இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். மவுண்டை ஸ்டாப் பின்னோடு உட்கார வைத்து இறுக்குங்கள். ஸ்கோப்பை ரிங்கில் வைத்து மேல் மூடியைத் தளர்வாக மட்டும் போடுங்கள்.

அடுத்தது கண் பக்கத்து ஃபோகஸ். வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ நோக்கி ஓரிரு நொடி மட்டும் பார்த்து, கண்ணை எடுத்து, திருப்பி, மறுபடி பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானே சமாளித்துக்கொள்ளும், உண்மையில் கோடு தெளிவாக இல்லாமலே தெளிவாக இருப்பது போலத் தோன்றும். இதைப் பேரலாக்ஸுக்கு முன் செய்யாவிட்டால் பேரலாக்ஸும் சரியாக அமையாது.

பிறகு ஐ ரிலீஃப். உச்சப் பவரில் வையுங்கள், அங்கேதான் கண்ணுக்கு இடம் மிகக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகச் சுடும் நிலையில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். ஓரம் கறுக்காமல் முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணைத் திறந்துகொண்டே செய்தால் கழுத்து தன்னால் ஸ்கோப்பைத் தேடிப் போகும்.

கடைசியாக நேராக்குவது. கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை எதிரே தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் நிறுத்தி, ரெட்டிகிளின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள். கோடு சாய்ந்திருந்தால் 25 மீட்டரில் ஜீரோ சரியாகவே வரும், 50-க்குப் போகும்போது பெல்லட் ஒரு பக்கமாக விலகும், காற்று என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ரிங் திருகுகளை எக்ஸ் வடிவில் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவு இருந்தால் அதுவே சரி, இல்லையென்றால் 2 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம். முறுக்கு விசையை அளக்கும் டார்க் கருவி இல்லாதவர்கள் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்கினால் அளவு மீறாது. கை வலிக்க முறுக்குவது பலம் இல்லை, குழாய் நசுங்கி உள்ளே ஜூம் சிக்கிக்கொள்ளும்.

9. ஜீரோ

முதலில் பெல்லட்டை முடிவு செய்யுங்கள். நாலைந்து வகை வாங்கி ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அவை தாளில் எங்கே விழுகின்றன என்பது இப்போது முக்கியமில்லை. பெல்லட்டை மாற்றினால் ஜீரோவும் மாறும், அதனால் இது முன்னால் வர வேண்டும்.

இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை நிறுத்தும் தடுப்பு வைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, 10 மீட்டரில் தொடங்குங்கள். அங்கே தாளில் பட வைத்துவிட்டு 25 மீட்டருக்குப் போங்கள். ஐந்து சுட்டு, ஐந்தின் நடுப்புள்ளியைக் கண்டு, அதை வைத்து மட்டும் கிளிக் திருப்புங்கள். நடுப்புள்ளி 4 செ.மீ. கீழே என்றால் கால் எம்ஓஏ ஸ்கோப்பில் 22 கிளிக் மேலே. ஒவ்வொரு குண்டுக்கும் டர்ரெட்டைத் திருப்புவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது, சாயந்திரம் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பார்கள், ஒரு பெட்டி பெல்லட் காலியாகும். திருப்பிய பின் இரண்டு மூன்று சுட்டு உள்ளே நிலைகொள்ள விட்டு அதன் பிறகு கணக்கெடுங்கள்.

10 மீட்டரிலேயே ஜீரோவை முடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஸ்கோப் பேரலுக்கு 4, 5 செ.மீ. மேலே இருக்கிறது. நொடிக்கு 250 மீட்டர் போல வேகமுள்ள துப்பாக்கியில் 10 மீட்டரில் நடுவில் பட வைத்தால் 25 மீட்டரில் 3 செ.மீ. போல மேலே போகும். 25-ல் ஜீரோ செய்தால் 10-ல் ஒன்றரை செ.மீ. வரை கீழே படும், 25-ஐத் தாண்டினால் மறுபடி இறங்கும். இந்த வித்தியாசங்களை உங்கள் துப்பாக்கியில் ஐந்து ஐந்து மீட்டராகச் சுட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கட்டையில் ஒட்டிவிடுங்கள்.

ஸ்பிரிங் கன்னை மேசை மேலோ கல் மேலோ நேரடியாக வைத்துச் சுட்டு ஜீரோ செய்ய வேண்டாம். அது குதிக்கும் விதம் மாறிவிடும், பிறகு கையில் எடுத்தால் வேறு இடத்தில் படும். உள்ளங்கை மேல் தளர்வாக உட்கார விட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்குங்கள்.

10. டர்ரெட் சொன்னதைக் கேட்கிறதா என்று சோதிப்பது

ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து சுடுங்கள். 20 கிளிக் மேலே, ஐந்து. 20 வலது, ஐந்து. 20 கீழே, ஐந்து. 20 இடது, ஐந்து. தாளில் ஒரு சதுரம் வர வேண்டும், கடைசி ஐந்து முதல் ஐந்தின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால், உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். அதனால்தான் இதை வாங்கிய வாரத்திலேயே செய்துவிடச் சொல்வது.

ஆனால் ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் துப்பாக்கிக் கட்டையின் திருகுகளைப் பாருங்கள், ஸ்பிரிங் கன்னில் அவை தானாகத் தளரும். அடுத்து மவுண்ட் திருகு, அதற்கடுத்து மவுண்ட் ஊர்ந்திருக்கிறதா என்று, அதற்கு மாட்டும்போதே பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தும் குண்டுகள் நெருக்கமாக விழாமல் சிதறினால் ஒருமுறை பேரலைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு துப்பாக்கியில் நன்றாக இருக்கும் ஸ்கோப்பை இரவல் வாங்கி இதில் மாட்டிப் பாருங்கள், குற்றவாளி யார் என்று ஐந்து குண்டில் தெரிந்துவிடும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்கள் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்; துப்பாக்கியோடு வந்த உறையிலேயே மாதக்கணக்கில் சுருட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதுதான். தூசியை ஊதி, தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பிறகே லென்ஸ் துணி. சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மேல் பூச்சு கீறிவிடும்.